ஒரு தேர்தலுக்கு இலக்கம், மறு தேர்தலுக்குப் புள்ளடி

2024 செப்டெம்பர் 21, இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல். சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். இரண்டு மாதம் ஆவதற்குள், நவம்பர் 14இல், நாடாளுமன்றத் தேர்தல். கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடி, பிறகு வேட்பாளர் இலக்கங்களின் மேல் மூன்று வரை புள்ளடி. 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல். அதற்கு ஒரேயொரு புள்ளடி. எட்டு மாதத்துக்குள் யாழ் குடாநாட்டு வாக்காளர் ஒருவர் அதே பள்ளிக்கூடத்துக்கு அதே அடையாள அட்டையோடு மூன்று தரம் போய், மூன்று விதமாக வாக்களித்திருக்கிறார். நான்காவதாக மாகாண சபைத் தேர்தல் என்று ஒன்று இருக்கிறது. அதை எந்த முறையில் நடத்துவது என்பது முடிவாகாததால் தேர்தலே நடக்கவில்லை.

நாடு முழுவதற்கும், எல்லாத் தேர்தலுக்கும், ஒரே வாக்களிப்பு முறை வேண்டுமா? யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு இது வெறும் சட்டப் பிரச்சினை அல்ல. தன் வாக்கு எண்ணப்பட்டதா, எண்ணியும் வீணானதா என்பது இதில்தான் தங்கியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சீட்டும் என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

ஜனாதிபதித் தேர்தலில் தெரிவாவது ஒரே ஆள். முதல் விருப்பில் எவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால், முதல் இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து, அவற்றில் 2 அல்லது 3 என்ற இலக்கம் அந்த இருவரில் எவருக்காவது போடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1982இல் நடந்த முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலிருந்து 2019 வரை இதற்குத் தேவையே வரவில்லை. 2024இல்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 42.31 வீதமும் சஜித் பிரேமதாச 32.76 வீதமும் பெற்றிருந்தனர். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்த விருப்புகள் 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில் அந்த இருவருக்கும் விருப்பு எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சீட்டுகளைப் போட்டவர்களில் ஒரு பகுதியினர் இந்த இருவரும் வேண்டாம் என்று தெரிந்தே விட்டிருப்பார்கள். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரனுக்கு யாழ் மாவட்டத்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். அவர்களில் பலர் அப்படி முடிவெடுத்தவர்கள். அந்த முடிவை மதிக்கவேண்டும். ஆனால் 2 என்று எழுதலாம் என்பதே தெரியாமல், வழமைபோலப் புள்ளடி போட்டுவிட்டு வந்தவர்களும் ஏராளம். நாற்பது வருடம் பயன்படாமல் கிடந்த உரிமை, தேவைப்பட்ட நாளில் மக்களின் கைக்குப் பழக்கமில்லாமல் போய்விட்டது.

நாடாளுமன்றத் தேர்தல் வேறு வகை. மொத்தம் 225 ஆசனங்கள். 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மாவட்டத்தில் கட்சி எடுத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம் பிரியும். அந்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். கேட்க நியாயமாக இருக்கும் இந்த ஏற்பாடு நடைமுறையில் என்ன செய்கிறது என்று பார்க்க, 2024இல் யாழ் தேர்தல் மாவட்டத்தில் நடந்த கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்க்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற இரண்டு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்ததுதான் இந்தத் தேர்தல் மாவட்டம். ஆறு ஆசனங்கள். 44 கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும், ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர், ஆக 396 வேட்பாளர்கள்.

செல்லுபடியான வாக்குகள் 3 இலட்சத்து 25 ஆயிரம். திசைகாட்டிச் சின்னத்துத் தேசிய மக்கள் சக்தி 80,830, வீட்டுச் சின்னத்துத் தமிழரசுக் கட்சி 63,327, சைக்கிள் சின்னத்துத் தமிழ்க் காங்கிரஸ் 27,986, மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழு 27,855. அதற்கு அடுத்து சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, வீணைச் சின்னத்து ஈ.பி.டி.பி. 17,730.

முதல் வேலை, 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த எல்லோரையும் கணக்கிலிருந்து நீக்குவது. அப்படி நீக்கப்பட்ட வாக்குகள் ஏறத்தாழ 85 ஆயிரம். முதலாவதாக வந்த கட்சி எடுத்த வாக்கைவிட இது அதிகம். இரண்டாவது வேலை, முதலிடக் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் கொடுப்பது. மிச்சம் ஐந்து ஆசனம். எஞ்சிய 2 இலட்சத்து 40 ஆயிரம் வாக்கை ஐந்தால் பிரித்தால், ஓர் ஆசனத்தின் விலை 48 ஆயிரம் வாக்கு. திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. மற்ற எவரும் 48 ஆயிரத்தைத் தொடவில்லை. மீதி மூன்று ஆசனமும் அதிக எச்சம் வைத்திருப்பவர்களுக்குப் போகும். திசைகாட்டியின் எச்சம் 32 ஆயிரத்துக்கு மேல், அதற்கு இன்னொன்று. சைக்கிளுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. வீட்டின் எச்சம் 15 ஆயிரம்தான், அது போதவில்லை.

முடிவு: 25 வீதத்துக்கும் குறைவான வாக்கோடு ஒரு கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனம். போனஸ் இல்லாமல் ஆறு ஆசனத்தையும் இதே கணக்கில் பிரித்திருந்தால் திசைகாட்டிக்கு இரண்டு, வீட்டுக்கு இரண்டு, மற்ற இரண்டு தரப்புக்கும் ஒவ்வொன்று என்று வந்திருக்கும். எந்தக் கட்சிக்கு வாக்களித்தவரானாலும், ஓர் ஆசனம் எப்படி இடம் மாறியது என்பதைத் தெரிந்திருப்பது நல்லது. வென்ற கட்சி இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. ஒற்றுமையில்லாமல் பிரிந்து நின்ற கட்சிகளுக்கும் இதில் பெரிய பங்குண்டு.

இன்னொரு குவியலையும் பார்க்கவேண்டும். அந்தத் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32 ஆயிரத்துக்கு மேல். அளிக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்பது. ஆசனம் பெற்ற மூன்றாவது கட்சி எடுத்த வாக்கைவிட இது பெரிய தொகை. நாடளாவிய விகிதம் நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு முன் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் நிராகரிப்பு ஆறு வீதத்தைச் சற்றுத் தாண்டியது, நாட்டில் இரண்டு வீதம்தான். இரண்டு தேர்தலிலும் இங்கே கூடுதல் என்பதால், எதிர்ப்பைக் காட்டவென்றே சீட்டைப் பழுதாக்கியவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே மக்கள், அதே வருடம், சீட்டு சிக்கலானபோது நிராகரிப்பும் கூடியிருக்கிறது. கட்சிக்குப் புள்ளடி போடாமல் விருப்பு இலக்கத்தில் மட்டும் போட்டால் வாக்கு செல்லாது. மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு போய்விடும். ஜனாதிபதித் தேர்தலிலோ புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கக்கூடாது. கண்ணாடியை மறந்துவிட்டு வந்த வயதான அம்மா ஒருவர், மறைப்புக்குள் தனியே நின்று, 44 சின்னங்களுக்குள் தன்னுடையதைத் தேடி, பிறகு அடியிலுள்ள இலக்கங்களுக்குள் தன் ஆளைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். வாசலில் "தம்பி, இந்தமுறை இலக்கமோ புள்ளடியோ?" என்று அவர் கேட்பதில் என்ன பிழை?

உள்ளூராட்சித் தேர்தல்தான் வாக்காளருக்கு மிக எளிது. ஒரு சீட்டு, ஒரு புள்ளடி. சிக்கல் முழுவதும் எண்ணும் பக்கத்தில் இருக்கிறது. 2017 திருத்தத்துக்குப் பிறகு 60 வீதமான உறுப்பினர்கள் வட்டாரத்தில் வென்று வருகிறார்கள், 40 வீதமானோர் பட்டியலிலிருந்து. ஒரு கட்சிக்கு மொத்த வாக்கின்படி கிடைக்கவேண்டிய ஆசனத்தில், வட்டாரத்தில் வென்றதைக் கழித்து, மீதியைப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். வட்டாரத்தில் வென்றது உரித்தைவிடக் கூடினால் சபையே பெரிதாகும். நாடு முழுவதும் நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உள்ளூராட்சி உறுப்பினர் தொகை இந்தப் புதிய முறையோடு எட்டாயிரத்தைத் தாண்டியது. பெண்களுக்கு 25 வீதம் என்ற கட்டாயமும் இந்தத் தேர்தலில்தான் வந்தது. அது உண்மையான முன்னேற்றம். நாடாளுமன்றத் தேர்தலில் இன்றும் அது இல்லை.

மறுபக்கம், இந்த முறையில் பல சபைகளில் எவருக்கும் தனிப்பெரும்பான்மை கிடைப்பதில்லை. 45 பேர் கொண்ட யாழ் மாநகர சபையில் 2018இல் பெரிய கட்சிக்குக் கிடைத்தது 16. 2025இல் 13. தனிப்பெரும்பான்மைக்கு 23 வேண்டும். 2020 டிசெம்பரில் மாநகர முதல்வர் பதவி ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் கைமாறியது. வடிகாலும் குப்பையும் வீதி விளக்கும் காத்திருக்க, சபை தலை எண்ணுவதிலேயே காலத்தைக் கழித்தது.

சரி, இத்தனை முறை ஏன் வந்தது? ஒரே முறை இருந்த காலம் எப்படி இருந்தது என்று பார்த்தால் புரியும். 1947 முதல் 1977 வரை தொகுதிவாரி முறை. அதிகம் எடுத்தவர் வென்றவர். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்கு எடுத்து 17 ஆசனம் பெற்றது. அதைவிடக் குறைவாக 36.9 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91. ஏழு வருடத்தில் அது தலைகீழானது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதி வாக்கோடு 168இல் 140 ஆசனத்தை எடுத்தது. 30 வீதத்துக்குக் கிட்ட வாக்கு எடுத்த சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. 7 வீதத்துக்கும் குறைந்த வாக்கெடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம், அக்கட்சியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். இந்தக் கோணலை நிமிர்த்தத்தான் 1978 அரசியலமைப்பு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது.

அந்த ஒரே முறையும் முழுக்க ஒரே முறையாக இருக்கவில்லை. கொழும்பு மத்தி, நுவரெலியா–மஸ்கெலியா, மட்டக்களப்பு, பொத்துவில் போன்றவை பல அங்கத்தவர் தொகுதிகள். ஒரு தொகுதிக்குள் சிதறி வாழும் சிறுபான்மைக்கும் இடம் கிடைக்கவேண்டும் என்று வேண்டுமென்றே செய்த விதிவிலக்கு அது. 1977இல் மலையகத் தலைவர் தொண்டமான் நாடாளுமன்றம் போனது நுவரெலியா–மஸ்கெலியாவில் மூன்றாமவராக வந்துதான். எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் என்று பிடிவாதமாக நின்றிருந்தால் மலையகத்துக்கு அந்த ஒரு குரலும் கிடைத்திருக்காது.

யாழ்ப்பாணத்தில் பழைய தொகுதிமுறைமேல் ஏக்கம் உள்ளவர்கள் நிறையப் பேர். அதில் நியாயமும் உண்டு. நல்லூர், கோப்பாய், மானிப்பாய், உடுப்பிட்டி என்று ஒவ்வொரு தொகுதிக்கும் தன் பிரதிநிதி யார் என்று தெரிந்திருந்தது. இடைத்தேர்தலும் இருந்தது. 1972 அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி துறந்த தமிழ்த் தலைவர் செல்வநாயகம், 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறையில் மீண்டும் நின்று வென்றார். ஒரு மக்களின் தீர்ப்பை நாடு முழுவதும் கேட்கச் செய்த இடைத்தேர்தல் அது. விகிதாசார முறையில் ஓர் உறுப்பினர் விலகினால் பட்டியலில் அடுத்தவர் வருவார், மக்கள் வாய் திறக்க வழியில்லை. இந்த இழப்பை விகிதாசாரத்தை ஆதரிப்பவர்கள் போதிய அளவு பேசுவதில்லை.

ஆனாலும் தொகுதிமுறை வடக்குத் தமிழருக்கு வாய்த்தது நாம் ஒரே இடத்தில் செறிந்து வாழ்வதால். மலையகத் தமிழருக்கும், பரந்து வாழும் முஸ்லிம்களுக்கும், கொழும்பிலும் புத்தளத்திலும் உள்ள தமிழருக்கும் அது வாய்க்காது. நமக்கு நல்லது என்பதற்காக அவர்களை மறந்துவிட்டு நாம் ஒரு முறையைக் கேட்கக்கூடாது. இப்போது நமக்கும் அது நல்லதா என்பது சந்தேகம்தான். பத்துக் கட்சிகள் பிரிந்து நிற்கும் தொகுதியில் கால்வாசி வாக்கே வெற்றிக்குப் போதும்.

ஒரே முறை வைத்தாலும் விளைவு ஒன்றாக இராது என்பதையும் கவனிக்கவேண்டும். சட்டம் 22 மாவட்டத்துக்கும் ஒன்றுதான். ஆனால் 2024இல் கம்பஹாவுக்கு 19 ஆசனம், திருகோணமலைக்கு நாலு. 19 ஆசனம் உள்ள இடத்தில் ஒரு சிறிய கட்சிக்கு ஆறு, ஏழு வீதம் போதும். நாலில் போனஸ் போக மூன்று. அங்கே அதே ஆறு வீதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. யாழ் மாவட்டத்துக்கு 1989இல் 11 ஆசனம். 2010இல் 9, 2020இல் 7, இன்று 6. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் வாக்காளர் தொகையைக் குறைக்கக் குறைக்க ஆசனம் குறைந்தது, ஆசனம் குறையக் குறைய வாசல் உயர்ந்தது. சட்டத்தில் இருப்பது 5 வீதம். சங்குச் சின்னத்துக்கு 7 வீதத்துக்குக் கிட்ட விழுந்தும் ஓர் ஆசனம் கிடைக்கவில்லை.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? அயர்லாந்தில் நாடாளுமன்றம், உள்ளூராட்சி, ஐரோப்பிய நாடாளுமன்றம் என்று எதற்குப் போனாலும் வாக்காளர் 1, 2, 3 என்று எழுதுகிறார். ஜனாதிபதித் தேர்தலிலும் அப்படியே. எண்ணும் விதம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறலாம், எழுதும் கை மாறுவதில்லை. அந்த முறையை மாற்ற 1959இலும் 1968இலும் மக்கள் தீர்ப்புக் கேட்டார்கள். இரண்டு தரமும் மக்கள் வேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவர் நான்கு பதவிகளுக்கு, நான்கு நிறச் சீட்டில் வாக்களிக்கிறார். நான்கிலும் செய்வது ஒரே வேலை, ஒருவரைத் தெரிவுசெய்வது.

இதற்கு மாறான அனுபவம் ஸ்கொட்லாந்தினுடையது. 2007 மே 3இல் ஒரே நாளில் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத்துக்குப் புள்ளடியும் உள்ளூராட்சிக்கு இலக்கமும் கேட்டார்கள். 1 இலட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் செல்லாமற் போயின. நாடாளுமன்றச் சீட்டின் இரண்டு பகுதிகளையும் ஒரே தாளில் அச்சிட்டதுதான் பெரிய காரணம் என்று விசாரணை கண்டது. இரண்டு தேர்தலையும் வேறு வேறு நாளில் வைக்கவும் சொன்னது. அடுத்த உள்ளூராட்சித் தேர்தலை 2012க்குத் தள்ளினார்கள். பிழை சீட்டில் இருந்தது என்று ஒத்துக்கொண்டார்கள், மக்களைக் குறை சொல்லவில்லை.

என் கருத்து இதுதான். எண்ணும் கணக்கு எல்லாத் தேர்தலுக்கும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. ஒரு ஜனாதிபதியை விகிதாசாரத்தில் பிரிக்க முடியாது. ஒரு பிரதேச சபையில் என் வட்டாரத்து ஆள் யார் என்று எனக்குத் தெரியவேண்டும். நாடாளுமன்றத்தில் நாட்டின் எல்லா இனமும் கருத்தும் அதனதன் அளவில் இருக்கவேண்டும். மூன்று வேலைக்கு மூன்று கணக்கு நியாயமே. ஆனால் வாக்காளர் சீட்டில் இடும் அடையாளம் ஒன்றாக இருக்கவேண்டும். எல்லாச் சீட்டிலும் இலக்கம் என்று வைத்துவிடலாம்: ஒரே தெரிவு உள்ள சீட்டில் 1 மட்டும், விருப்ப வரிசை உள்ள சீட்டில் 1, 2, 3. பாடசாலையிலிருந்தே பழக்கினால் ஒரு தலைமுறையில் கைக்கு வந்துவிடும். நாடாளுமன்றத் தேர்தலில் போனஸ் ஆசனத்தை எடுத்துவிடவேண்டும். பத்தொன்பது ஆசனத்தில் ஒன்று போவதும் ஆறில் ஒன்று போவதும் சமமல்ல.

இவற்றையெல்லாம் ஆறுதலாகப் பேசலாம். அவசரமானது மாகாண சபை. வடக்கு மாகாண சபைக்கு ஒரேயொரு தேர்தல்தான் நடந்திருக்கிறது, 2013 செப்டெம்பர் 21இல். விகிதாசார முறை, 38இல் 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பாதி தொகுதி, பாதி பட்டியல் என்ற கலப்பு முறையைக் கொண்டுவந்தது. கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஆதரித்து ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். பாடசாலை, ஆஸ்பத்திரி, விவசாயம் என்று மாகாணத்தின் கையில் இருக்கவேண்டியவற்றுக்குப் பதில் சொல்ல மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை.

நல்ல முறையைத் தேடுவதாகச் சொல்லித் தேர்தலையே இல்லாமல் செய்தது போன்ற அநியாயம் வேறில்லை. குறையுள்ள முறையில் ஒரு தேர்தல் நடந்தால் அடுத்த முறை மக்கள் திருத்தலாம். தேர்தலே இல்லாவிட்டால் திருத்த எதுவும் இல்லை. பழைய விகிதாசார முறையிலேயே ஒருதரம் நடத்த வழிசெய்யும் தனிநபர் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அது நிறைவேறவில்லை. அதற்கு வேண்டியது புதிய அரசியலமைப்பு அல்ல, நாடாளுமன்றத்தின் சாதாரண பெரும்பான்மையும் சில வரித் திருத்தமும்தான். அடுத்த தடவை எந்தக் கட்சிக்காரர் உங்கள் படலையைத் திறந்து துண்டுப்பிரசுரம் தந்தாலும், திருத்தச் சட்டத்துக்கு உங்கள் கட்சி கை உயர்த்துமா, எப்போது உயர்த்தும் என்று கேளுங்கள். திகதி சொல்லும் வரை கேளுங்கள்.